தண்ணி எட்டல

அக்டோபர் 6, திங்கள்

வருஷா வருஷம் கம்பெனி கொடுக்கும் டைரியைப் பால்காரருக்குத் தந்துவிடுவது வழக்கம். இந்த வருஷத்து டைரியை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஒன்பது மாதமாகப் பீரோ மேலே கிடந்தது. ஜனவரி கடைசியில் எனக்கு ஓய்வு. இனிமேல் யாரும் டைரி தரப்போவதில்லை. கடைசி டைரியையாவது நாமே எழுதித் தொலைப்போம் என்று எடுத்தேன்.

அரசி பார்த்துவிட்டு, பகலெல்லாம் பதிவேட்டில் எழுதுவது போதாதென்று வீட்டிலும் எழுத்தா என்றாள். அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். மங்கையர்க்கரசி என்று பெயர், ஆனால் சபைக்கு வந்து பேசமாட்டாள். அடுப்படியில் நின்றபடியேதான் பேச்சு. பாதி தாளிப்போடு போய்விடும்.

என் வேலை பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஓவர்மேன். நிலக்கரி தோண்டுகிற இடத்தில் இல்லை, வேண்டாததைக் கொட்டுகிற இடத்தில். மேல்மண்ணை வெட்டி ஒரு மலையாகக் குவித்திருக்கிறார்கள். அந்த மண்மேட்டை ஒட்டிச் சகதிக் குளம். சுரங்கத்துக்குள் ஊறும் சேற்றுத் தண்ணீரைப் பம்புகள் ஓயாமல் அதில் கொண்டுவந்து கொட்டுகின்றன. குளத்தைச் சுற்றி மண்கரை. கரையின் உள்பக்கம் ஓர் அளவுப் பலகை, அதில் ஒன்று முதல் பத்து வரை எண்கள், எட்டில் சிவப்புக் கோடு. தண்ணீர் எட்டைத் தொட்டால் பம்புகளை நிறுத்த வேண்டும், கரைக்குக் கீழே ஆள் இருக்கக்கூடாது. நிறுத்தச் சொல்கிற அதிகாரம் மேனேஜருக்கு. மேனேஜருக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

இன்று புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மழைக்காலம் முடியும்வரை தினமும் கரை மேல் நடந்து பார்க்க வேண்டும். பார்த்தவன்தான் எழுத வேண்டும், அதுவும் ஷிப்ட் முடிவதற்குள். வெள்ளை பூசுவது, மேலே எழுதுவது எதுவும் கூடாது. தப்பு வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம். ஒவ்வொரு பதிவின் கீழும் ‘நானே நேரில் பார்வையிட்டேன்’ என்று எழுத வேண்டும். தினம் தினம் இதை எழுதிக் கை ஒடிவானேன் என்று வரும் வழியில் கடைத்தெருவில் ஒரு ரப்பர் ஸ்டாம்புக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஸ்டாம்பு நன்றாக விழுகிறது. ஊதா மை.

முழங்கால்தான் சரியில்லை. கரைக்கு ஏற மண்ணிலேயே வெட்டிய படிகள், மழையில் பாதி கரைந்துவிட்டன. ஏறிவிட்டேன், இறங்கும்போதுதான் உயிர் போய்விட்டது. கீழே கசிவுப் பம்புக் கொட்டகையில் இருந்து ஞானம் ஓடி வந்து தோளைக் கொடுத்தான். ஞானப்பிரகாசம் என்று பெயர். ஒப்பந்தத் தொழிலாளி. கரையில் கசியும் தண்ணீரை மறுபடி குளத்துக்கே தள்ளுகிற சின்னப் பம்பு அவன் பொறுப்பு. தண்ணீரும் சளைக்காது, அவனும் சளைக்க மாட்டான்.

“இனிமே நீங்க ஏறாதீங்க சார். நான் பாத்துட்டு போன்ல சொல்றேன், நீங்க எழுதிக்குங்க” என்றான்.

முட்டியை மருத்துவரிடம் காட்டினால் தகுதியில்லை என்று எழுதி மூன்று மாதம் முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு நொண்டி என்று போவதா? மாலை போட்டு, வண்டியில் கொண்டுவந்து விடுவார்களே, அப்படிப் போக வேண்டும். ஒரு வாரம் முட்டி ஆறட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு வாரம் ஆகிவிட்டது. முட்டி ஆறவில்லை.

ஞானம் மூன்றரை மணிக்குக் கூப்பிடுவான். கோட்டைத் தொடவில்லை என்றால் “தண்ணி எட்டல சார்” என்பான். அவ்வளவுதான் பேச்சு. ‘எச்சரிக்கைக் கோட்டை எட்டவில்லை. விரிசல் இல்லை. எலி வளை இல்லை’ என்று எழுதி ஸ்டாம்பு குத்துவேன். மறுநாள் மேனேஜர் அதன் கீழே கையெழுத்துப் போடுவார். அவர் படிக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் சாப்பாட்டு மெனுவை எழுதி வைத்துப் பார்க்கலாம்.

லூர்துமேரியின் தம்பிக்குக் கல்யாணமாம். லூர்துமேரி என்பது ஞானத்தின் மனைவி. நான்கு நாள் லீவுக்கு ஒப்பந்தக்காரரிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன் என்றேன். மறந்துவிடக்கூடாது.

பாதுகாப்பு அதிகாரி சுபாஷிணி மேடம் இன்று ஆபீசுக்கு வந்தார். தூசி என்று மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பேசுகிறார். பேச்சு அந்தத் துணியைத் தாண்டி வருவதில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் மேடம் என்றேன். கடைசியில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பார்த்தால் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை, டிசம்பரில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் திறந்து பேசவே சோம்பல்.

பரிசோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்துக் காதில் ஒன்றை மாட்டுவார்கள், சத்தம் வரும்போது விரலைத் தூக்க வேண்டும். போன வருஷம் சோதனை செய்த பையன் பொத்தானை அமுக்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. அவன் அமுக்க அமுக்க நானும் விரலைத் தூக்கினேன். சும்மா ஒரு விளையாட்டு. காது இளைஞனுக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான்.

அக்டோபர் 20, தீபாவளி

லீவு கிடையாது, ஆனால் பாதி நாளில் விட்டார்கள். கறிக்குழம்பு, இட்லி.

இந்த வருஷம் வெடிச் சத்தமே இல்லை. ஜனங்கள் ஒருவழியாகத் திருந்திவிட்டார்கள். அரசி மட்டும் எதற்கோ அடிக்கடி காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் பயந்த சுபாவம்.

அக்டோபர் 22, புதன்

மழை பிடித்துவிட்டது.

பருப்புத் தீய்ந்துவிட்டது. அரசி மாடிக்குத் துணி எடுக்கப் போனவள், மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்திலேயேதான் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. அவள் வந்து அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குக்கர் கெட்டுப்போனதற்கு என்னை ஏன் பார்க்க வேண்டும்? பொங்கலுக்குப் புதுசு வாங்க வேண்டும்.

ஞானம்: எட்டல.

அக்டோபர் 27, திங்கள்

நான்கு நாளாக வெயிலே இல்லை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. ஈரச் சட்டையோடுதான் வேலைக்குப் போகிறேன். முட்டி விண்ணென்று இருக்கிறது. எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் படுக்கத் தோன்றுகிறது.

நாளைக்காவது ஒருமுறை நானே ஏறிப் பார்க்க வேண்டும். எட்டல.

அக்டோபர் 28, செவ்வாய்

ஏறவில்லை. மத்தியானத்திலேயே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டு.

ஞானம் கூப்பிட்டான். “தண்ணி எட்டல சார்” என்றான். சரி என்றேன். வழக்கமாக அதோடு வைத்துவிடுபவன் இன்று இன்னும் என்னவோ இரைந்தான். மழையில் நிற்பவன் இரையத்தானே செய்வான். இந்தப் போனும் சரியில்லை. “சரி சரி, நனையாம இறங்கு” என்றேன். சொல்லிவிடுகிறீர்களா என்று கேட்டது மட்டும் தெரிந்தது. கல்யாண லீவு விஷயம். பாவம், இரண்டு வாரமாகக் காத்திருக்கிறான். கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் நிம்மதியாக வைத்தான்.

எழுதினேன். ஸ்டாம்பு குத்தினேன். ஒப்பந்தக்காரர் ஊரில் இல்லை, நாளைக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

கரை சரிந்துவிட்டது. ஞானம் அதில் மாட்டிக்கொண்டான்.

அக்டோபர் 30, வியாழன்

உயிரோடு இருக்கிறான்.

நேற்றுக் காலை ஷிப்டுக்குப் போய் இறங்கியபோதே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அளவுப் பலகை இருந்த பக்கமே வாயைப் பிளந்துகொண்டு கீழே வந்துவிட்டது. பம்புக் கொட்டகை போன இடம் தெரியவில்லை. ஞானம் கொட்டகையில் இருந்திருந்தால் அப்போதே முடிந்திருப்பான். விடிந்ததும் எதற்காகவோ கரை மேல் ஏறியிருக்கிறான். மண்ணோடு சேர்ந்து கீழே வந்து, குழாய்க்கு அடியில் கால் மாட்டி, மார்புவரை சேற்றில் கிடந்தான். மண்வெட்டி போட்டால் காலில் பட்டுவிடும் என்று கையாலேயே அள்ளினார்கள். நானும் அள்ளினேன். முட்டி அப்போது வலிக்கவில்லை. தூக்கும்போது என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். உதடு அசைந்தது, அவ்வளவுதான். “ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். வலது கால் இரண்டு இடத்தில் நொறுங்கியிருக்கிறதாம்.

முந்தின நாள் மூன்றரைக்குக் கோட்டை எட்டாத தண்ணீர் விடிவதற்குள் கரையை உடைக்குமா? ராத்திரி பெய்த மழைதான். அல்லது ஞானம் சரியாகப் பார்க்கவில்லை. இருட்டில், மழையில், யாருக்கும் தப்பு வரும்.

நவம்பர் 1, சனி

பதிவேட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அரக்கு வைத்துவிட்டார்கள். சுபாஷிணி மேடம் என்னிடம் விசாரித்தார். இருபத்தெட்டாம் தேதி பதிவைக் காட்டி, நீங்களே நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். ஸ்டாம்பின் மேல் விரலை வைத்துக் கேட்டதால் கேள்வி புரிந்தது. ஆமாம் என்றேன்.

வேறு என்ன சொல்வது? இன்னும் மூன்று மாதம்.

நவம்பர் 3, திங்கள்

ஞானத்தின் வாக்குமூலத்தை மருத்துவமனையில் போய் வாங்கியிருக்கிறார்கள். மேடம் அதைப் படிக்கக் கொடுத்தார். வீட்டுக்குப் பேசச் சிக்னல் கிடைக்கவில்லை, அதைத் தேடித்தான் கரைமேல் ஏறினேன், ஓவர்மேன் சொல்லி ஏறவில்லை, கரையைப் பார்ப்பது என் வேலையும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். போன் பேசியதையெல்லாம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் மூச்சு வந்தது. மறைப்பானேன், நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கேன்டீனில் போய் ஒரு டீ குடித்தேன். டீ பாதியில் இருக்கும்போதுதான் அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று யோசித்தேன். மீதியைக் குடிக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

லூர்துமேரி வீட்டுக்கு வந்திருந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று அங்கேயே நின்றாள். அரசிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அரசிக்கு ஒரு பழக்கம், யார் வந்து என்ன சொன்னாலும் அதைத் திருப்பி ஒருமுறை எனக்குச் சொல்வாள். எத்தனை வருஷமாகச் செய்கிறாளோ. இன்றும் அப்படியே செய்தாள்.

வேலை நேரத்தில் வேலை இடத்தை விட்டுப் போனவன், அதனால் இது பணி விபத்து ஆகாது, கம்பெனி மருத்துவமனையில் சேர்க்க முடியாது என்று ஒப்பந்தக்காரர் கையை விரித்துவிட்டாராம். காலில் சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு ஆபரேஷன் செய்தால் காலைக் காப்பாற்றலாமாம். கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் அங்கே போக முடியும். இல்லையென்றால் அடுத்த வாரம் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசியாக லூர்துமேரி என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். அரசி அதையும் திருப்பிச் சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அவரு எதுக்கு சார் மேல ஏறினாரு? எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாரு. உங்ககிட்டயாவது சொன்னாரான்னு கேக்குறாங்க.”

தெரியாது என்றேன். அவள் காபியைக் குடிக்காமல் போனாள்.

நவம்பர் 7, வெள்ளி

லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஞானம் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். நான்தான் அமுக்கிப் படுக்கவைத்தேன். வார்டில் ஒரே இரைச்சல். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏன் அப்படி வாக்குமூலம் கொடுத்தாய் என்று கேட்டேன். நீங்களாவது மாட்டாமல் இருக்க வேண்டும் சார் என்றான். மேனேஜரை எதிர்த்து நாம் ஒன்றும் பேச முடியாது என்றான். மேனேஜர் எங்கே வந்தார் இதில்? எனக்குப் புரியவில்லை.

“நான்தான் எட்டலன்னு சொன்னேனே சார். அவரு ஏன் பம்ப நிறுத்தல? விடிஞ்சும் தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அதான் ஏறிப் பாத்தேன்.”

எட்டல என்றுதானே நானும் எழுதியிருக்கிறேன் என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுபடி சொன்னான். எனக்கு மறுபடியும் எட்டல என்றே விழுந்தது. இன்னொரு முறை, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான். அப்போதும் எட்டலதான். நானும் ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் பேச்சை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். ஒரு கையில் ஐந்து விரல். ஊசி குத்தியிருந்த மற்றக் கையில் மூன்று விரல்.

எட்டு. எட்டுல. தண்ணி எட்டுல சார்.

எத்தனை நேரம் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. கையை இறக்கிவிட்டு அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “பரவால்ல சார்” என்று சொன்னான் போலிருக்கிறது. அதுவும் உதட்டை வைத்துத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு, சொல்லிவிடுகிறீர்களா என்று அவன் கேட்டது லீவுக்காக இல்லை.

நவம்பர் 8, சனி

சாப்பிடவில்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

காலையிலேயே சுபாஷிணி மேடத்தின் அறைக்குப் போய்விட்டேன். பதிவேட்டைக் கொடுங்கள், ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். அரக்கு வைத்த பதிவேட்டில் இனி யாரும் கை வைக்க முடியாது என்றார். ஒரே ஒரு கோடு, சுருக்கொப்பம், விதிப்படிதான் மேடம் என்றேன். விதிப்படி அதற்கு நேரம் போய்விட்டது என்றார். வாயில் கட்டிய துணியை இன்று கழற்றியிருந்தார், அதனால் பேச்சு புரிந்தது.

சொன்னேன். கரை சரிவதற்கு முந்தின மூன்று வாரமும் நான் மேலே ஏறவில்லை, ஏறியவன் ஞானப்பிரகாசம், என் வேலைக்காகத்தான் ஏறினான், அவன் போனில் சொன்னதைத்தான் எழுதினேன். மேடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். என் மேல் நடவடிக்கை வரும் என்றார். வரட்டும் என்றேன்.

அப்புறம் அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னது இது:

“அப்போ இது பணி விபத்துதான் சார். ஆனா எட்டலைன்னு தப்பான தகவல் குடுத்தது ஞானப்பிரகாசம்னு ஆயிடுதே. ஒப்பந்தக்காரர் இதைத்தான் பிடிச்சுப்பார். அவர் அலட்சியத்தால கரை போச்சுன்னு எழுதிடுவாங்க.”

இங்கேதான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை. அவன் சொன்னதை எழுதினேன், எனக்குக் கேட்டதை எழுதினேன். போன் சரியில்லாததற்கு நான் என்ன செய்வது?

எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். எனக்கே நன்றாக இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

அரசியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டு, எட்டல, இரண்டும் ஒரே மாதிரிதானே, மழையில் யாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

“தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பையன் சரவெடி வெச்சான். நம்ம ஜன்னல் அதிர்ந்துது. நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க” என்றாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

கோபம் வந்தது. கத்தினேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேனே, அதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை என்றாள். சிரித்துவிட்டாள், அப்புறம் அழுதாள். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அசதியாக இருந்தது. எத்தனை வருஷமாகத் தலையாட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். ராட்சத எந்திரங்களின் பக்கத்தில் நின்று காது போனது போய்விட்டது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் போகவில்லை என்று நடித்தது நான்தானே.

ஆபரேஷன் வியாழக்கிழமை என்று லூர்துமேரி அரசியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். கால் எடுக்கிற ஆபரேஷன்.

நவம்பர் 12, புதன்

விசாரணை பத்து மணிக்கு. பெரிய அறை, நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, ஓரத்தில் சுபாஷிணி மேடம், இன்னொருவர் யாரென்று சொன்னார்கள், பிடிபடவில்லை. மூலையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்தாள். என்னை இந்தப் பக்கம் தனியாக உட்காரவைத்தார்கள்.

வெளியூர்க்காரர் தாளைப் பார்த்தபடியே முதல் கேள்வியைக் கேட்டார். பெயராக இருக்கும் என்று பெயரைச் சொன்னேன். சரியாக அமைந்துவிட்டது. இரண்டாவது கேள்வி கொஞ்சம் நீளம். ஞானப்பிரகாசம் என்பது மட்டும் காதில் விழுந்தது. முடிவில் நிமிர்ந்து, ஆமாம் என்ற பதிலுக்குக் காத்திருப்பவர்போல் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருஷம் அப்படித்தான் போயிருக்கிறது. தலை பாதி அசைந்தும்விட்டது. அதற்கு நான் ஆமாம் சொல்லியிருந்தால் ஞானம் தப்பாகத் தகவல் கொடுத்ததை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும் என்று பிற்பாடு மேடம் சொன்னார்.

தலையை நிறுத்தினேன்.

“ஐயா, என்னைப் பாத்து சத்தமா கேளுங்க. எனக்குக் காது கேக்காது.”

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். மூலையில் இருந்த பெண் கையை எடுத்துவிட்டு அவர்களைப் பார்த்தாள். இதையும் பதிய வேண்டுமா என்று கேட்டிருப்பாள். வெளியூர்க்காரர் வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார். மரியாதைக்காக இருக்கலாம்.

“அதத்தான் முதல்ல எழுதணும்மா” என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் கூண்டில் பையனின் கையைப் பார்த்து விரல் தூக்கியதைச் சொன்னேன். ஸ்டாம்பு செய்தது, ஏறாமலே குத்தியது, போனில் அவன் எட்டுல என்றது எனக்கு எட்டல என்று விழுந்தது, சொல்லிவிடுகிறீர்களா என்று அவன் கேட்டதற்கு நான் சரி என்றது எல்லாம் சொன்னேன். அவன் ஆஸ்பத்திரியில் காட்டிய விரல்களை நானும் தூக்கிக் காட்டினேன். நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை, பேசியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அச்சடித்துக் கொடுத்தார்கள். வரி வரியாகப் படித்தேன். ‘ஞானப்பிரகாசம் அளவைச் சரியாகப் பார்த்து உரிய நேரத்தில் சரியாகத் தெரிவித்தார்’ என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்பு இல்லை, பேனாவால்தான்.

வாசலில் சுபாஷிணி மேடம் பின்னாலேயே வந்து ஏதோ சொன்னார். விளங்கவில்லை மேடம், இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். இதைக் கேட்பதற்கு இத்தனை வருஷம் கூச்சப்பட்டிருக்கிறேன். அவர் முன்னால் வந்து என் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகச் சொன்னார்.

“ஞானப்பிரகாசத்த சென்னைக்கு அனுப்ப லெட்டர் இன்னைக்கே போகுது சார். நாளையிலருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்.”

இரண்டும் நன்றாகக் கேட்டது.